அடையாள அட்டை எண் இரகசியமா?

செந்தூலில் இருக்கும் உங்கள் பாட்டிக்கு ஓர் அழைப்பு வருகிறது. வங்கி அதிகாரி என்று சொல்பவர், பாட்டியின் அடையாள அட்டை எண்ணைச் சரியாகச் சொல்கிறார். அதனால் அவரை நம்பலாமா?

மைகார்டு எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம். கோலாலம்பூருக்குப் பெரும்பாலும் 14. மீதமுள்ள 4 இலக்கங்களில் 10,000 எண்கள் அமையலாம். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆகவே, ஊகிக்க எஞ்சுவது 5,000 மட்டுமே.

ஊகிக்கவும் தேவையில்லை. 4 கோடியே 62 லட்சம் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது 2017-இல் தெரியவந்தது. முகவரிகளும் அடையாள அட்டை எண்களும் அவற்றில் இருந்தன.

எனவே, அந்த எண்ணைச் சொல்பவர் வங்கி அதிகாரி என்பதற்கு அது சான்றாகாது. உண்மையான இரகசியம், கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடும்தான். அவற்றை எந்த வங்கியும் போலீசும் கேட்காது.

சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டியுங்கள். வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அடையாள அட்டை நகலைக் கொடுக்கும்போது குறுக்கே இரு கோடுகள் போட்டு, எதற்காக என்று எழுதுங்கள். பணம் பறிபோனால் உடனே 997-க்கு அழையுங்கள்.

இன்றே பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்.