களப்பங்கரையில் ஒரு பகற்பொழுது

கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்குச் செல்லும் வீதியில் எத்தனையோ முறை பயணஞ் செய்திருக்கிறோம். அவ்வீதிக்கும் கடலுக்குமிடையே பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்தைப் பற்றி எமது மகன் ஒருநாள் கேட்டபோது, அவனுக்குச் சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. படிப்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு அது வெட்கமாயிருந்தது. ஆகவே சித்திரை விடுமுறையில் மனைவி, மக்களுடன் போபிட்டியவிலுள்ள முத்துராஜவெலப் பார்வையாளர் நிலையத்துக்குச் சென்றோம். மகன் தன் மூங்கில் தூண்டிலையும் விடாது எடுத்து வந்தான்.

படகில் ஏறியதும் படகோட்டி அத்தூண்டிலைச் சுருட்டிவைக்கும்படி கூறினார். சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 1996ஆம் ஆண்டு முதல் சரணாலயம். பையனின் முகம் வாடிவிட்டது.

படகு ஹமில்டன் கால்வாய் வழியே சென்றது. முன்னொரு காலத்தில் இங்கே நெல் விளைந்ததாம். உவர்நீர் புகுந்து வயல்கள் கெட்டன. ஒல்லாந்தர் முயன்றும் பயனில்லை. பின்னர் ஆங்கிலேயர் உப்புநீரை வடித்துவிட 1802ஆம் ஆண்டு இக்கால்வாயை வெட்டத் தொடங்கினர். கடலோ, வற்றும்போது வெளியேறி, பெருகும்போது அதே வழியால் உள்ளே வந்தது! நெல் போயிற்று, கண்டலும் நாணலும் நிலைத்தன. செந்நாரையும் மீன்கொத்தியும் கண்டு மகள் மகிழ்ந்தாள். கரையில் கிடந்த கபரகொய்யா தண்ணீரில் வீழ்ந்த ஓசையில் எமது மனைவியார் படகின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டதையும் இங்கு மறைக்கலாகாது.

நிற்க. ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் சதுப்பு நிலமும் அதனோடொத்த பரப்புள்ள நீர்கொழும்புக் களப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. மழைவெள்ளத்தைச் சதுப்பு நிலம் தேக்கி, மெல்ல மெல்லக் களப்புக்கு விடுகின்றது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்நிலத்தால் ஆண்டுதோறும் கிடைக்கும் பயனை ஏறத்தாழ 80 இலட்சம் அமெரிக்க டொலர் என மதித்தது. அதிற் பெரும்பங்கு வெள்ளத்தைத் தணிப்பதற்கே உரியது. ஆயினும், மண் கொட்டி மேடாக்கிய துண்டுகளை வழியெங்கும் கண்டோம்.

பிற்பகலில் நீர்கொழும்பில், களப்பங்கரையில் வாழும் நண்பர் ஒருவரின் வீட்டை அடைந்தோம். அவருடைய தந்தையார் வாழ்நாளெல்லாம் அக்களப்பில் தொழில் செய்தவர். வாடிய முகத்தைக் கண்டதும், “தம்பி, தூண்டிலைக் கொண்டு வாரும்” என்று பையனை அழைத்துச் சென்றார். பாணைப் பிசைந்து இரையாக்கினார். மகளுக்கும் ஒரு தூண்டில் கிடைத்தது.

நெடுநேரங் கழித்து மகனின் தூண்டிலில் ஓர் ஓரா சிக்கியது. அரை விரல் நீளமே இருக்கும். கைநீட்டியவனைப் பெரியவர் தடுத்தார். ஓராவின் முள் குத்தினால் கடுமையாகக் கடுக்கும். துணியாற் பிடித்து முள்ளைக் கழற்றி, மீனை நீரில் விட்டுவிட்டார்.

“அப்பு, நான் பிடித்த மீனல்லவா?” என்று மகன் அழாக்குறையாகக் கேட்டான்.

பெரியவர் களப்பின் முகத்துவாரத்தைச் சுட்டிக் காட்டினார். கடலிற் பிறக்கும் இறாற் குஞ்சுகள் களப்புக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் முட்டையிடக் கடலுக்குத் திரும்புகின்றன. அவ்வேளை, வற்றுநீரில், கம்பு நாட்டிக் கட்டும் வலைகளால் அவற்றைப் பிடிக்கின்றனர். சிங்களத்தில் அது கட்டுதெல். நல்ல இடங்கள் சிலவே, உரியவரோ பலர். ஆதலால் நான்கு மீனவர் சங்கங்கள் முறைவைத்து, சீட்டுக் குலுக்கி இடங்களைப் பகிர்கின்றன. 1958ஆம் ஆண்டு அரசாங்கமும் இதற்கு விதிகள் வகுத்தது.

“எனக்கு முறையில்லாத இரவிலே இறால் துள்ளித் துள்ளிப் போகும், தம்பி. பார்த்துக்கொண்டு கரையிலே இருந்திருக்கிறேன். வீட்டிலே அடுப்பு எரியாத நாளும் உண்டு.”

மகன் ஒன்றும் பேசவில்லை. அவன் சமாதானமடைந்தானென்று கூற எம்மால் இயலாது. சற்று நேரத்தில் பேனாக் கத்தியைக் கேட்டு வாங்கி, மீனின் நீளத்தைத் தூண்டிற் கம்பில் கீறி வைத்தான். பெரியவர் அதனருகே தம் விரலை வைத்து, “இவ்வளவு வளர்ந்தபின் வந்து பிடியும்” என்று இன்னொரு கோடு கீறினார்.

அத்தூண்டில் இப்போது எமது வீட்டுக் கதவின் பின்னே நிற்கின்றது. அடுத்த விடுமுறை எப்போது என்று மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.