எஞ்சினின் குரல்



ஏ-9 வீதியில், மாங்குளம் சந்தியருகே ஒரு மரநிழலில் நின்று, சற்றுக் கண்களை மூடிக்கொள்ளுங்கள். நெல் மூடைகளுடன் செல்லும் லான்ட்மாஸ்டரின் ‘டுக் டுக்’ என்ற ஓசை கேட்கும். பாரமேற்றிய லொறியின் உறுமல் கேட்கும். எப்போதாவது ஒரு பழைய மொறிஸ் மைனரின் முணுமுணுப்பும் கேட்கும். காணாமலே இன்ன வண்டி என்று சொல்லிவிடுவோம். இவ்வேற்றுமை எதனால் உண்டாகின்றது? பழைய காரின் எஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாமா என்று கராஜ் வாசல்களில் நிகழும் வாதத்துக்கும் இவ்வோசைக்கும் தொடர்பு யாது?

எஞ்சினின் ஒலி, எரிபொருள் உள்ளே எரியும் தாளமேயாகும். நான்கடிப்பு எஞ்சினில், சுழல்தண்டு இருமுறை சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒருமுறை எரிதல் நிகழும். நிமிடத்துக்கு 1500 சுற்றுகள் எனக் கொள்வோம். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் செக்கனுக்குப் பன்னிரண்டரை அடிகள் விழும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 50 அடிகள் விழும். முன்னையதைத் தனித்தனி அடிகளாகக் கேட்கின்றோம். பின்னையது ஒரே சுருதியாய்க் காதில் இழைகின்றது.

எரியும் முறையாலும் ஒலி வேறுபடும். பெற்றோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டுகின்றது. டீசல் எஞ்சினிலோ, காற்று ஏறக்குறைய 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தப்பட்டு, அவ்வெப்பத்தாலேயே எரிபொருள் தீப்பற்றுகின்றது. பீச்சப்பட்ட டீசல் கணப்பொழுது தாமதித்துச் சட்டென எரிவதால் ‘தட தட’ என்ற ஓசை எழுகின்றது. அது டீசலின் இயல்பு. பெற்றோல் எஞ்சினில் அத்தகைய தட்டல் கேட்டாலோ, அது நோயின் அறிகுறி.

இவ்வுண்மையை வன்னி மக்கள் நூல்களில் படித்து அறிந்தாரல்லர். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்ட பின்னர், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பர். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். பழைய எஞ்சின்களில் அழுத்தம் குறைவு. ஆதலால் அவை அதனைத் தாங்கின.

ஆயினும் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை; உரிய கணத்துக்கு முன்னரே தானாக வெடிக்கும் குணமும் அதற்குண்டு. எரியாது எஞ்சியது பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். நள்ளிரவில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலை நோக்கிச் செல்லும் சாரதிக்கு, எஞ்சினின் தட்டல் வெறும் ஓசையன்று. வழியில் நின்றுவிடுவேன் என்ற எச்சரிக்கை. அதைக் கேட்டதும் வேகத்தைத் தணிப்பவனே ஊர் போய்ச் சேர்வான்.

இனி வாதத்துக்கு வருவோம். “பழைய வண்டிக்கு அதன் சொந்தக் குரலே அழகு” என்பர் ஒரு சாரார். “உதிரிப்பாகம் கிடையாத எஞ்சினைக் கட்டி அழுவானேன்? ஜப்பானிய எஞ்சினைப் பூட்டினால் காலமெல்லாம் ஓடுமே” என்பர் மறுசாரார். இருவர் கூற்றிலும் நியாயமுண்டு. ஆனால் இருவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: புதிய இதயத்தைப் பழைய உடல் தாங்குமா?

டீசல் எஞ்சின் பொதுவாகப் பாரம் கூடியது. முன்புற வில்லுகளும் பிறேக்கும் அதற்கேற்பப் பலப்படவேண்டும். அதன் உச்சச் சுற்று வேகம் குறைவு. ஆகவே கியர் விகிதம் ஒத்துவர வேண்டும். வெற்றிட உதவியால் இயங்கும் பிறேக் உள்ள வண்டியாயின், தனியான வெற்றிடப் பம்பி தேவை. டீசல் எஞ்சின் அவ்வெற்றிடத்தைத் தானே தருவதில்லை. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்திலும் இருப்பதால், மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்தலும் கடமையாகும்.

இவற்றைச் செய்யாது, சைலன்சரைக் கழற்றிவிட்டு “என்ன கம்பீரமான சத்தம்!” என்று மகிழ்வது பேதைமை. அந்த இரைச்சலில், எஞ்சின் தன் நோயைச் சொல்லும் மெல்லிய தட்டல் மூழ்கிப்போகும்.

ஒலியை விரும்புவது வேறு. ஒலியை விளங்கிக்கொள்வது வேறு. தட்டுப்பாட்டுக் காலத்தில் வன்னிச் சாரதிகள் கற்றது இரண்டாவதையே. எந்த எஞ்சினைப் பூட்டினாலும், அது பேசுவதைக் கேட்கும் செவியையும் நாம் பழக்கிக்கொள்வோமாக.