பசும்புல் வழியே வந்த நஞ்சு

அணு உலை விபத்து என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன நெருப்பும் புகையுமே. ஆனால் அதன் கொடுமை எண்ணற்ற இல்லங்களுக்குள் நுழைந்தது, தாய் தன் பிள்ளைக்கு ஆற்றிக் கொடுத்த பாலின் வழியாகத்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1986 ஏப்ரல் 26 அன்று பின்னிரவு 1.23 மணிக்கு, அன்றைய சோவியத் நாட்டின் உக்ரேன் பகுதியிலிருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காம் உலை வெடித்துச் சிதறியது. காற்றில் பரவிய கதிரியக்கப் பொருள்கள் மழையோடு மண்ணில் இறங்கின. அவற்றுள் உணவைப் பெரிதும் கெடுத்தவை இரண்டு: அயோடின்-131, சீசியம்-137.

அயோடின் புல்லின் மீது படிந்தது. அப்புல்லைப் பசு மேய்ந்தது. ஓரிரு நாட்களில் அது பாலில் கலந்து, பாலைப் பருகிய பிள்ளைகளின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்த் தங்கியது. பாலின் நிறமோ, மணமோ, சுவையோ மாறவில்லை. காய்ச்சினாலும் இந்நஞ்சு அகலாது. பாவம், அந்தத் தாய் எவ்வாறு அறிவாள்?

அறிந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சோவியத் அரசோ 28ஆம் தேதி இரவுதான், அதுவும் சுருக்கமாக, விபத்தை அறிவித்தது. கிராமத்து மக்கள் தம் வீட்டுப் பசுவின் பாலைத் தொடர்ந்து அருந்தினர். விளைவு? பெலாரஸ், உக்ரேன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், அன்று சிறுவர்களாக இருந்தவர்களிடையே 2005க்குள் 6,000க்கும் அதிகமான தைராய்டு புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் பெரும்பங்கிற்கு அந்தப் பாலே காரணம் என்பது ஐ.நா. அறிவியல் குழுவின் முடிவு.

இதனைத் தடுத்திருக்க இயலாதா? இயன்றிருக்கும். அயோடின்-131 எட்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்; எண்பது நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே சில வாரங்கள் பசுவுக்குப் பழைய வைக்கோலும், பிள்ளைகளுக்கு முன்பே தயாரித்த பால்மாவும் கொடுத்தாலே பேராபத்து நீங்கும். அண்டை நாடான போலந்து அவ்வாறே செய்தது. மேய்ச்சல் பசுக்களின் பாலைப் பிள்ளைகளுக்குத் தடுத்து, சிறு குழந்தைகளுக்குப் பால்மா வழங்கியது. ஒரு கோடிக்கும் அதிகமான சிறுவர்களுக்கு அயோடின் மருந்தும் கொடுத்தது.

சீசியத்தின் கதை வேறு. அது பாதியாகக் குறையவே முப்பது ஆண்டுகள் ஆகும். களிமண் அதனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மக்கிய தாவரங்களாலான மலைநிலமோ புல்லுக்கு விட்டுக்கொடுத்துவிடும். அதனால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில் மேய்ந்த ஆடுகளுக்கும் விற்பனைக் கட்டுப்பாடு வந்தது. சில வாரங்களுக்கென எண்ணிய அக்கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது 2012இல்தான்! ஆட்டை விற்குமுன் கருவி கொண்டு சோதிப்பதே கால் நூற்றாண்டு அவ்விவசாயிகளின் வாழ்க்கையாயிற்று.

2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா உலைகள் சிதைந்தபோது, பாலும் கீரையும் சந்தைக்குச் செல்வது சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. ஆயினும் வெட்டவெளியில் கிடந்த வைக்கோலைத் தின்ற மாடுகளின் இறைச்சி விற்பனைக்குச் சென்றது, ஜூலையில்தான் தெரியவந்தது. மக்களின் நம்பிக்கை குலைந்தது. அதனை மீட்க, 2012 அறுவடை முதல் பல ஆண்டுகள் அம்மாவட்டத்தின் ஒவ்வோர் அரிசி மூட்டையும் சோதிக்கப்பட்டது. தூய அரிசியை விளைவித்த உழவனும் குறைந்த விலைக்கே விற்க நேர்ந்தது.

சிந்தித்துப் பாருங்கள், வாசகர்களே! போலந்துத் தாய் தன் பிள்ளைக்குப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தாள்; சோவியத் கிராமத்துத் தாய் கறந்த பாலைக் கொடுத்தாள். இருவரின் அன்பிலும் குறைவில்லை. ஒருத்திக்கு உரிய நேரத்தில் உண்மை சொல்லப்பட்டது, மற்றவளுக்குச் சொல்லப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே.