பழுதைத் தேடும் இரண்டு மணி நேரம்



தோட்டத்து லயத்தில் ஒரு காலை நேரம். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வோம்? பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்து, "அக்கா, அங்கே தண்ணி வருதா?" என்று கேட்போம். வருகிறது என்றால் கோளாறு நம் வீட்டுக் குழாயில். அங்கும் இல்லையென்றால் நடு லயத்தில் கேட்போம். அதன் பிறகே தொட்டிப் பக்கம் போவோம். எடுத்த எடுப்பில் மண்ணைத் தோண்டிக் குழாயைப் பிடுங்குபவர் எவருமில்லை. இன்று நாம் பேசப்போகும் தேர்வு சோதிப்பது இந்த அறிவைத்தான்.

நம் பிள்ளைகளில் சிலர் கணினி வலையமைப்புத் தொழிலைப் பயில்கிறார்கள். வங்கியிலும் மருத்துவமனையிலும் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பவை ரௌட்டர், சுவிட்ச் எனப்படும் பெட்டிகள். அவற்றைக் கையாள வல்லவர் என்று சான்று தரும் தேர்வுகளில் மிகக் கடினமான ஒன்று, சிஸ்கோ நிறுவனம் 1993இல் தொடங்கிய சி.சி.ஐ.இ. அதன் செய்முறைத் தேர்வு முதலில் இரண்டு நாள் நடந்தது. 2001இல் ஒரே நாளாகச் சுருங்கியது. அதுவரை இருந்த பழுதறியும் பகுதியும் அப்போது போயிற்று. 2009 அக்டோபரில் அது திரும்பி வந்தது. இரண்டு மணி நேரம். ஏறக்குறைய பத்துப் பழுதுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகார்ச்சீட்டு: 'இந்தக் கணினியிலிருந்து அந்தக் கணினிக்குத் தொடர்பு இல்லை, சரிசெய்க' என்று இருக்கும். பாதி சரிசெய்தால் பாதி மதிப்பெண் கிடையாது. இப்பகுதியில் தவறினால், மற்றப் பகுதியை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் தேர்ச்சியில்லை.

2020 பிப்ரவரியிலிருந்து தேர்வின் அமைப்பு மாறிவிட்டது. வடிவமைப்புக்கு 3 மணி, செய்முறைக்கு 5 மணி என்று பிரித்திருக்கிறார்கள். பழுதறிதல் தனிப் பகுதியாக இல்லாமல் செய்முறைக்குள் கலந்து நிற்கிறது. ஆனால் பழுதைத் தேடும் முறை மாறவில்லை. ஆகவே பழைய இரண்டு மணி நேரக் கணக்கையே வைத்துப் பேசுவோம்.

பணத்தையும் சொல்லிவிடுவோம். 2016ஆம் ஆண்டளவில் இத்தேர்வுக்குக் கட்டணம் 1,600 அமெரிக்க டாலர். நம் ரிங்கிட்டில் ஆறாயிரத்தைத் தாண்டியது. சிட்னி, பெங்களூர் போன்ற ஊர்களில் உள்ள தேர்வுக்கூடத்துக்குப் போய்வரும் செலவு வேறு. குடும்பத்தார் சேர்த்துக் கொடுத்த பணம், ஒரே சீட்டில் ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்ட காரணத்தால் வீணாகக் கூடும்.

நாமே பயிற்சிக் காலத்தில் அப்படிச் சிக்கியிருக்கிறோம். இரண்டு ரௌட்டர்கள், இடையே ஒரு கம்பி. தங்களுக்குத் தெரிந்த பாதைகளை ஓ.எஸ்.பி.எஃப். என்னும் முறையில் அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொள்ளவில்லை. நாம் ஒரு ரௌட்டரில் எழுதியிருந்த கட்டளைகளை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினோம். நூற்றுக்கணக்கான வரிகள். நாற்பது நிமிடம் போனது. மற்ற நான்கு சீட்டுகளைத் தொடக்கூட இல்லை.

செய்திருக்க வேண்டியது என்ன? முதலில் 'பிங்' கட்டளையால் எதிர்ப்பக்கத்தைக் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அது பதில் தந்தது. அப்படியானால் கம்பி நன்றாக இருக்கிறது, முகவரியும் சரியாக இருக்கிறது. கோளாறு அதற்கு மேலே. இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். அடுத்து, 'ஷோ ஐ.பி. ஓ.எஸ்.பி.எஃப். இன்டர்ஃபேஸ்' என்ற கட்டளையை இரு பக்கமும் கொடுத்து, வருவதை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட வேண்டும். இத்தகைய இணைப்பில் ஒரு ரௌட்டர் வழக்கமாக 10 வினாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். 40 வினாடி வரை குரல் கேளாவிட்டால் அண்டை ரௌட்டர் இல்லாமற்போனதாகக் கொள்ளும். இந்தக் கணக்கு இரு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் உறவு ஏற்படும். நம் பயிற்சியில் யாரோ ஒரு பக்கம் 10 என்பதை 5 ஆக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்! ஏரியா எண், முகவரியின் மாஸ்க், கடவுச்சொல் ஆகியவை ஒத்துப்போகாவிட்டாலும் இதே கதிதான். உறவு தொடங்கி 'எக்ஸ்ஸ்டார்ட்' என்ற நிலையில் நின்றுவிட்டால், ஒரு பக்கம் 1500 பைட்டு, மறு பக்கம் 1400 பைட்டு என்று பொதியின் உச்ச அளவு வேறுபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நீண்ட பாதையில் பல ரௌட்டர்கள் இருந்தால் நடுவில் நிற்பதிலிருந்து சோதிப்பது நல்லது. லயத்தின் நடு வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பது போலத்தான். ஒவ்வொரு சோதனையிலும் தேடும் தூரம் பாதியாகும். ஒன்றை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்: போன செய்தி திரும்பி வரவும் பாதை வேண்டும். போகும் பாதையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால், திரும்பும் பாதையில் உள்ள பழுது கண்ணில் படாது.

நேரக் கணக்கு எளியது. முதல் 10 நிமிடம் எல்லாச் சீட்டுகளையும் வாசிக்க. கடைசி 10 நிமிடம் சரிசெய்தவற்றை மீண்டும் சோதிக்க. மிச்சம் 100 நிமிடம், பத்துச் சீட்டு, சீட்டுக்குப் பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் பழுது இருக்கும் இடம்கூடத் தெரியவில்லையா? குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம் என்று மனம் இழுக்கும். விட்டுப்போகும் முன் தான் மாற்றியதைப் பழையபடி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழுது ஒன்றாக இருந்தது இரண்டாகும்.

சீட்டில் உள்ள கட்டுப்பாடுகளையும் விரலை வைத்துப் படிக்க வேண்டும். 'இருக்கும் தடைப்பட்டியலை நீக்கக் கூடாது', 'கையால் பாதை எழுதக் கூடாது' என்றெல்லாம் இருக்கும். அவற்றை மீறித் தொடர்பை உண்டாக்கினாலும் மதிப்பெண் இல்லை. முடித்ததைச் சேமிக்க மறக்கவும் கூடாது.

வீட்டிலுள்ளவர்கள் இதில் என்ன உதவ முடியும் என்று கேட்கலாம். ரௌட்டர்களைக் கணினிக்குள்ளேயே ஓடவிடும் மென்பொருள்கள் இப்போது உண்டு. பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஆனால் தானே வைத்த பழுதைத் தானே தேடுவதில் பயனில்லை. உடன் படிக்கும் நண்பர் ஒருவர் இருபது பழுதுகளைத் துண்டுச் சீட்டுகளில், அடிக்க வேண்டிய கட்டளையோடு எழுதித் தரட்டும். தங்கையோ தம்பியோ அவற்றைக் குலுக்கி ஐந்தை எடுத்து, அண்ணன் வெளியே போயிருக்கும்போது எழுத்துப் பிசகாமல் கணினியில் அடித்து வைக்கட்டும். வலையமைப்புப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறகு அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "அடுத்தது" என்று சொன்னால் போதும்.