பழைய தேருக்குப் புதுச் சக்கரம்

2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் ஒரு பழைய கார் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. கூரை கிடையாது, இருவர்தான் உட்காரலாம். கரோல் ஷெல்பி 1962-இல் கட்டிய முதல் கோப்ரா அது. அந்த விலை கொடுத்து வாங்கிய காரை மழையில் ஓட்ட யாருக்கு மனம் வரும்? கோப்ரா வரிசையில் அசலாகப் பிறந்தவை மொத்தம் ஏறத்தாழ ஆயிரம். அவற்றில் பல இன்று கண்காட்சிக் கூடத்திலும் பூட்டிய கொட்டகையிலும் நிற்கின்றன. உலகச் சாலைகளில் கோப்ரா என்று கண்ணில் படுபவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் வேறு யாரோ கட்டிய ரெப்ளிகாக்கள். இவற்றைப் போலி என்று ஒதுக்குவது கார்ப் பிரியர்களின் வழக்கம். அந்தத் தீர்ப்பு அவசரமானது. ஓட்டுவதற்கென்றே பிறந்த வண்டிக்கு ஓடுகிற வண்டிதான் வாரிசு. பழையதன் எடையையும் அளவுகளையும் காத்து, அதன் பிரேக்கையும் எஞ்சினையும் துணிந்து மாற்றுகிற ரெப்ளிகாவே அசலுக்கு உண்மையாக இருக்கிறது.

கோப்ராவின் பிறப்பையே பாருங்கள். இங்கிலாந்தின் ஏ.சி. கார்ஸ் 1953-இல் ஏஸ் என்ற கூரையற்ற சிறு ரோட்ஸ்டரை வெளியிட்டது. அதன் சட்டகம் ஜான் டோஜெய்ரோ வடிவமைத்த பந்தய வண்டியிலிருந்து வந்தது. உடலோ ஃபெராரி 166 பார்க்கெட்டாவை அப்பட்டமாக ஒத்திருந்தது. பின்னாளில் அதில் பொருத்திய பிரிஸ்டல் எஞ்சின், போருக்கு முந்தைய பி.எம்.டபிள்யூ. 328-இன் எஞ்சினைத் தழுவியது. அந்த எஞ்சினின் உற்பத்தி நின்றபோது அமெரிக்கரான ஷெல்பி குறுக்கே வந்து, அதே உடலுக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர் வி8-ஐ இறக்கினார். இத்தாலியச் சாயல், ஆங்கிலச் சட்டகம், அமெரிக்க இதயம்: இதைத்தான் நாம் அசல் என்கிறோம். 1965-இல் 7 லிட்டர் எஞ்சின் வந்தபோது, அந்த வலுவைப் பழைய சட்டகமும் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்குகளும் தாங்காது என்று, தடித்த குழாய்களும் சுருள் ஸ்பிரிங்குகளும் கொண்ட புதுச் சட்டகத்தை அவர்களே கட்டினார்கள். அசலைச் செய்தவர்களுக்கே இல்லாத பழமைப் பற்று ரெப்ளிகா செய்பவனுக்கு மட்டும் ஏன் வேண்டும்?

கோப்ரா முரட்டு வலுவின் கதை. லோட்டஸ் செவன் அதற்கு நேர் எதிர். காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த அந்த வண்டி சுமார் அரை டன்தான். சக்தியைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதே மேல் என்பது சாப்மனின் கணக்கு. எடை குறைந்தால் முடுக்கத்தோடு பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் சேர்ந்தே மேம்படும். முழு வண்டிக்கு இருந்த வாங்கல் வரியைத் தவிர்க்க, வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் உதிரிக் கட்டாகவும் அது விற்கப்பட்டது. 1973-இல் அதைச் செய்யும் உரிமை கேட்டர்ஹம் நிறுவனத்துக்குப் போனது. வண்டி இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. அதே சாயலில் மகாராஷ்டிரத்தின் அலிபாக் அருகே சின்காரா மோட்டார்ஸ் ஒரு ரோட்ஸ்டரைக் கட்டியது. குழாய்ச் சட்டகம், ஃபைபர் உடல், உள்ளே 1.8 லிட்டர் இசுசு எஞ்சின். நம் அம்பாசிடரிலும் கான்டெஸாவிலும் ஓடிய அதே குடும்பத்து எஞ்சின்தான் இது. அம்பாசிடரில் அது ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பை இழுக்க வேண்டியிருந்தது. பல நூறு கிலோ குறைந்த உடலில் அதற்கு வேறு குணம் வந்துவிட்டது. 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் குதிரைத்திறனை மட்டும் எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

ஃபைபர் உடல் என்றதும் கடலூர்க்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் பக்கத்து முடசலோடை வரை கட்டுமரம் நின்ற கரைகளில் இன்று நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த மாற்றம் வேகம் பிடித்தது. ரோட்ஸ்டரின் உடலைச் செய்வதும் அந்தப் படகு கட்டும் முறையில்தான். அச்சுக்குள் மெழுகு தடவி, மேற்பூச்சு ஊற்றி, கண்ணாடி இழைப் பாயை அடுக்கி, ரெசின் பூசி, காற்றுக்குமிழ் போக உருளை ஓட்டி, காய்ந்ததும் கழற்றுவது. உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில் தகரம் துருப்பிடிக்கும். அலுமினியத் தகடும் எஃகுக் குழாயும் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் அரிப்பு இன்னும் மோசம். பழைய கோப்ராவின் உடல் அப்படிப்பட்ட சேர்க்கைதான். ஃபைபருக்கு அந்த நோய் இல்லை. ஆனாலும் படகு கட்டத் தெரிந்தவர் கார் கட்டிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. படகில் அந்த ஓடேதான் அலையின் அடியைத் தாங்குகிறது. காரில் ஓடு வெறும் சட்டை. சுமை, முறுக்கு, மோதல் எல்லாம் உள்ளே உள்ள எஃகுச் சட்டகத்தின் மேல்தான் விழும். ரெப்ளிகாவின் தரம் அதன் வெல்டிங்கில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மலிவான ரெப்ளிகாக்கள் ஏமாற்றுவதும் இங்கேதான்.

எப்படியானாலும் நகல் நகல்தானே என்பார்கள். இதே கேள்வியைத் திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. பழைய தேர் 1926-இல் எரிந்துபோய், பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. மரச் சக்கரம் போய்விட்டதே என்று அந்தத் தேரைப் போலி என்றவர் இல்லை. வீதியில் ஓடி நிலைக்கு வருவதுதான் தேரின் வேலை. அந்த வேலைக்குத் தேவையானது மாறியது, உருவம் நின்றது. கார் உலகில் மோசடி இல்லை என்று சொல்ல வரவில்லை. புதிதாகக் கட்டிய வண்டியில் பழைய சேஸிஸ் எண்ணைப் பொறித்து அசல் என்று விற்பவன் திருடன். ஆனால் அந்தக் குற்றம் எண்ணிலும் ஆவணத்திலும் நடக்கிறது, வளைந்த மட்கார்டில் அல்ல. அசல் நிறுவனங்களே பழைய எண்ணில் புது வண்டி கட்டுவதையும் மறக்கக் கூடாது. 1960-களில் 18 இலகு ரக ஈ-டைப் கார்களுக்கு எண் ஒதுக்கி 12 மட்டும் கட்டிய ஜாகுவார், விட்டுப்போன ஆறையும் கட்டப்போவதாக 2014-இல் அறிவித்தது. ஐம்பது ஆண்டு கழித்துக் கட்டியதை அசல் என்று ஏற்பவர்கள், தொழிற்சாலை வாசலில் உள்ள பெயர்ப் பலகையைத்தான் மதிக்கிறார்கள்.

இன்னொரு ஆட்சேபம் சாலையைப் பற்றியது. நான்குவழிச் சாலையில் காருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு. கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போகும் வண்டி மாட்டுக்கும், தவறான பக்கத்தில் வரும் பைக்குக்கும், அறுவடைக் காலத்தில் காயப்போட்ட நெல்லுக்கும் ஒதுங்க வேண்டும். தரையோடு தரையாகத் தவழும் வண்டி நம் வேகத்தடையில் அடி தட்டி நிற்கும். நியாயம்தான். 400 குதிரைத்திறன் கோப்ரா இங்கே வீண் பகட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேசான வண்டியின் சுகம் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைக்கிறது. அதற்குச் சான்று இரண்டு சக்கரத்தில் இந்தச் சாலையிலேயே போய்க்கொண்டிருக்கிறது. ராயல் என்ஃபீல்டு 2018-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இன்டர்செப்டர் 650, 1960-களின் ஆங்கில இன்டர்செப்டரை நினைவில் வைத்து வரைந்த ரோட்ஸ்டர். டாங்க், இருக்கை, இரட்டைச் சைலன்சர் எல்லாம் பழைய சாயல். உள்ளே 648 சிசி, 47 குதிரைத்திறன், எரிபொருள் இன்ஜெக்ஷன், அதிர்வை அடக்கும் சமன் தண்டு, ஏ.பி.எஸ். அந்தக் காலத்து ஆங்கில இரட்டைச் சிலிண்டர் வண்டிகளின் நடுக்கமும் எண்ணெய்க் கசிவும் உலகறிந்தவை. அவற்றை யாரும் நகலெடுக்கவில்லை. இங்கிலாந்தில் என்ஃபீல்டு உற்பத்தி 1970-இல் நின்றது. 1955-இல் சென்னையில் தொடங்கிய கிளைதான் பிழைத்தது. இந்த வண்டியை வாங்குபவர் எவரும் தன்னுடையது ரெப்ளிகா என்று கூச்சப்படுவதில்லை.

சட்டம்தான் மிச்சமிருக்கும் கடினமான இடம், அங்கே எதிர்த் தரப்பின் கை ஓங்கியிருக்கிறது. ஏர்பேக் இல்லாத, நொறுங்கி அடியை வாங்கும் முன்பகுதி இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் விடலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கிப் பிடித்தது. புதிதாகக் கட்டுபவர் என்றால் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிறுவனத்தில் மாதிரி வண்டிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் கம்பெனி அந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆண்டுக்குப் பத்து வண்டி கட்டும் பட்டறைக்கு அது கட்டாது. வேடிக்கை என்னவென்றால், 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு 'வி.ஏ.' என்ற தனிப் பதிவு வரிசையே கொடுத்தது. பிரேக் பலவீனமான அசலுக்கு அதன் பிறந்த தேதியை வைத்துக் கதவு திறக்கிறது. டிஸ்க் பிரேக் போட்ட ரெப்ளிகாவுக்கு அந்தக் கதவு இல்லை. அமெரிக்கா 2015-இல் இயற்றிய சட்டம், 25 ஆண்டுக்கு முந்தைய வண்டியின் உருவில் ஒரு சிறு நிறுவனம் ஆண்டுக்கு 325 வரை கட்ட அனுமதித்து, எஞ்சின் மட்டும் இன்றைய புகை விதிக்கு உட்பட வேண்டும் என்றது. பிரிட்டனில் ஒற்றை வண்டியைக்கூடத் தனியாகச் சோதித்துச் சான்று தருகிறார்கள்: விளக்கு, பிரேக், ஸ்டீயரிங், இருக்கைப் பட்டை, கூர்மையான விளிம்பு என்று ஒவ்வொன்றாக. நமக்கும் அந்த முறைதான் பொருந்தும். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, நம்பர் பிளேட்டிலும் ஆர்.சி. புத்தகத்திலும் ரெப்ளிகா என்ற குறிப்பு, ஓடும் தூரத்துக்கு ஒரு கட்டுப்பாடு ஆகியவற்றோடு அதைத் தொடங்கலாம். சோதனைக் கூடத்துக்கும் பஞ்சமில்லை: ஓரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கடலூரிலிருந்து ஒரே நாளில் வண்டியை ஓட்டிப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம்.