"நேற்று வந்திருக்கிறான்" ஆங்கிலத்தில் வராது!

உங்கள் வீட்டுப் பிள்ளை எஸ்.பி.எம். சோதனைக்குத் தயாராகிறதா? "நமக்கு ஆங்கிலம் தெரியாதே, நாம் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று ஒதுங்கி விடாதீர்கள், பெற்றோர்களே. பிள்ளை எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க, நீங்கள் பேசும் தமிழும் கடைத்தெருவில் பேசும் மலாயும் போதும். பாதித் தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் காலத்தைப் பார்ப்போம். "அண்ணன் நேற்று வந்திருக்கிறான், எனக்குத் தெரியாமல் போச்சு" என்கிறோம். தமிழில் இது சுத்தமான வாக்கியம். பிள்ளை இதையே "ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே" என்று எழுதினால் மார்க் போய்விடும். ஆங்கிலத்தில் "யெஸ்டர்டே", "லாஸ்ட் வீக்", "டூ டேய்ஸ் அகோ" என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் "ஹேவ்", "ஹேஸ்" அந்தப் பக்கமே வரக்கூடாது. "ஹீ கேம் யெஸ்டர்டே", அவ்வளவுதான்.

இன்னொரு பொடி வைத்திருப்பார்கள். "இன் 1957" என்றால் நடந்து முடிந்த காரியம்: "மலாயா பிகேம் இண்டிபெண்டண்ட் இன் 1957." அதுவே "சின்ஸ் 1957" என்று மாறினால், அன்று தொடங்கி இன்றுவரை என்று பொருள். அங்கே "ஹேஸ் பீன்" வந்தே தீரும். ஆண்டு ஒன்றுதான், முன்னால் நிற்கும் சின்னச் சொல் விடையையே மாற்றிவிடுகிறது. ஆகவே வெற்றிடத்தைப் பார்க்குமுன் நேரச் சொல்லைத் தேடிக் கோடு போடச் சொல்லுங்கள்.

மலாய் வேறு விதத்தில் காலை வாரும். அதில் காலத்துக்காக வினைச்சொல் மாறுவதில்லை. "சுடா மாக்கான்" என்றால் பசியாறியாச்சு. அந்தப் பழக்கத்தில் "ஐ ஆல்ரெடி ஈட்" என்கிறார்கள். கடையில் காரியம் நடக்கும், சோதனைத் தாளில் நடக்காது.

ஒப்பிடும்போதும் இதே கதைதான். மலாயில் "லெபே திங்கி" என்று இரண்டு சொல் போட்டுப் பழகிய பிள்ளை "மோர் டாலர்" என்று எழுதுகிறது. "டாலர்" என்பதற்குள்ளேயே "அதிக" இருக்கிறதே, பிறகு "மோர்" எதற்கு? "பியூட்டிஃபுல்" மாதிரி நீண்ட சொற்களுக்குத்தான் "மோர்" வேண்டும்.

நம் "விட" என்பதற்குப் பெரும்பாலும் "தேன்" சரியாக வரும். ஆனால் "சீனியர்", "ஜூனியர்", "சுப்பீரியர்", "இன்ஃபீரியர்", "பிரிஃபர்" ஆகியவை "டு" கேட்கும். இதற்குத் தமிழே கைகொடுக்கிறது பாருங்கள்: "எனக்கு மூத்தவர்", "எனக்கு இளையவர்" என்றுதானே சொல்கிறோம்? அந்தக் "கு"தான் இந்த "டு".

கெட்டிக்காரப் பிள்ளைகளும் விழும் குழி ஒன்று உண்டு. "கேமரன் மலையின் சீதோஷ்ணம் ஈப்போவை விடக் குளுமை" என்றால் நம்மில் யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கில இலக்கணமோ சீதோஷ்ணத்தைச் சீதோஷ்ணத்தோடுதான் ஒப்பிட வேண்டும், ஊரோடு அல்ல என்கிறது. "கூலர் தேன் ஈப்போ" என்று விடை இருந்தால் அதை விட்டுவிட்டு, "கூலர் தேன் தட் ஆஃப் ஈப்போ" இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.