ஐம்பது கேபி-க்குள் ஒரு முகம்

பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பிரவுசிங் சென்டர் அது. இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் போனவன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். எனக்கு முன்னால் ஐபோனோடு ஒரு பெண்.

"அண்ணே, போட்டோ ஏத்த மாட்டேங்குது. நானே பேரை ஜேபிஜின்னு மாத்தித்தான் கொண்டாந்தேன்."

கடைக்காரர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேரை மாத்துனா ஆளு மாறிருமாம்மா?"

கோப்பை இழுத்து ஒரு ஜன்னலில் போட்டார். உள்ளே இருப்பது ஒன்று, பின்னொட்டு வேறொன்று, சரியாக மாற்றி வைக்கட்டுமா என்று அந்த மென்பொருளே கேட்டது. நசுங்கிய சிவப்புப் பூனை போல ஓர் ஐகான். எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷமாக என் கம்ப்யூட்டரிலும் கிடக்கிற அதே பூனைதான்: இர்ஃபான்வியூ.

போஸ்னியாவின் யாய்ட்சே ஊர்க்காரரான இர்ஃபான் ஸ்கில்யான், வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1996-இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டார். பெயரிலேயே ஆசிரியர் இருக்கிறார், பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. சில எம்பி-க்குள் அடங்கிவிடும், பழைய கம்ப்யூட்டரிலும் கண்சிமிட்டும் நேரத்தில் திறக்கும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். தொழிலுக்குப் பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும். நம்மூர் சென்டர்களில் எத்தனை பேர் கட்டினார்கள் என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

அந்தப் பெண்ணின் சிக்கல் 2017-இல் தொடங்கியது. அந்த வருஷம் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து ஐபோன்கள் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கத் தொடங்கின. ஜேபெக் என்கிற ஜேபிஜியைவிடக் குறைந்த இடத்தில் அதே தரம். நல்ல விஷயம்தான். ஆனால் பல விண்ணப்பப் பக்கங்கள் இன்னும் ஜேபெக்கைத்தான் கேட்கின்றன, அதுவும் 20 கேபி-க்குக் குறையாமல், 50 கேபி-க்கு மிகாமல்.

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். 12 மெகாபிக்சல் படம் என்றால் குறுக்கே 4032 புள்ளி, நெடுக்கே 3024. அந்த அளவைத் தொடாமல் தரத்தை மட்டும் இறக்கிக்கொண்டே போனால், பெரும்பாலும் 50 கேபி-யும் வராது, முகமும் மிஞ்சாது. மொசைக் தரை போல ஆகிவிடும். கடைக்காரர் அப்படிச் செய்யவில்லை. முதலில் முகத்தைச் சுற்றி மவுஸால் கட்டம் போட்டு வெட்டினார். பிறகு கன்ட்ரோல்-ஆர் அழுத்தி 413க்கு 531 என்று அடித்தார். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் வருகிற அளவு அது. கடைசியாகத்தான் தரம். சேமிக்கும் பெட்டியில் இத்தனை கேபி-க்குள் வை என்று சொல்லிவிடவும் வழி இருக்கிறது. 43 கேபி. பெண்ணின் மூக்குத்திகூடத் தெளிவாகத் தெரிந்தது.

இந்தச் சுருக்கும் வித்தையின் வேர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, 1972-இல் அமெரிக்காவின் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, படத்தை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு கணித முறையை ஆராயப் பணம் கேட்டு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். கிடைக்கவில்லை, யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதாம். அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1992-இல் ஜேபெக் தரநிலை வந்தபோது அதன் இதயமாக இருந்தது இந்த மூவர் முறைதான்.

அது வேலை செய்யும் விதம் கோலத்தில் புள்ளி வைப்பது மாதிரி. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். அந்த 12 மெகாபிக்சல் படத்தில் 1,90,512 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மெதுவாக மாறும் சாயல் எவ்வளவு, பொடிப்பொடியான நெளிவு எவ்வளவு என்று கணக்கெடுக்கும். நம் கண் பொடி நெளிவுகளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவற்றைத் தோராயமான முழு எண்களாக்கி, பலவற்றைச் சுழியாக்கித் தள்ளிவிடும். தள்ளியது தள்ளியதுதான். பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

இதை நான் பாடமாகப் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆச்சியின் ஒரே படத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். திண்ணையில் கால் நீட்டி, வெற்றிலைப் பெட்டியோடு. ஒரு நாள் ஓரத்தை வெட்டிச் சேமித்தேன். இன்னொரு நாள் வெளிச்சத்தைக் கூட்டிச் சேமித்தேன். அப்புறம் கறையைத் துடைத்தேன், கொஞ்சம் சாய்த்தேன், கறுப்பைக் கூட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதே பெயரில், அதே கோப்பின் மேலேயே. திவசத்துக்குப் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்தபோதுதான் கன்னத்தில் சதுரம் சதுரமாகத் தடம் தெரிந்தது. காகிதப் படம் அதற்குள் வீடு மாறியதில் தொலைந்திருந்தது. வெற்றிலைப் பெட்டியின் பூவேலை எப்படி இருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை. திருத்தும் வேலையை நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் வைத்துக்கொள்கிறேன். இடத்தைத் தின்னும், ஆனால் எதையும் தள்ளாது. ஜேபெக் படத்தை வெறுமனே திருப்ப மட்டும் என்றால் இர்ஃபான்வியூவில் ஷிஃப்ட்-ஜே. கட்டங்களைப் பிரித்துக் கணக்குப் போடாமல், அப்படியே இடம் மாற்றித் திருப்பித் தரும். சேதாரம் இல்லை.

வீடியோவில் நிலைமை இன்னும் வேடிக்கை. எம்கேவி, எம்பி4 என்பதெல்லாம் டப்பாவின் பெயர். உள்ளே இருக்கும் சாதம் வேறு. உள்ளடக்கம் சரியாக இருந்து டப்பா மட்டும் டிவிக்குப் பிடிக்கவில்லை என்றால், சாதத்தை அடுத்த டப்பாவுக்கு மாற்றினால் போதும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. தெரியாதவர்கள் இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவை ராத்திரி முழுக்க மறுபடி வேகவைத்து, தரத்தையும் குழைத்துவிடுகிறார்கள். டப்பா மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். 2000-இல் பிரெஞ்சுக்காரர் ஃபாப்ரீஸ் பெல்லார் தொடங்கியது. பட்டன் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். பயப்படுகிறவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் அது வேகவைக்கத்தான் லாயக்கு, டப்பா மாற்றித் தராது.

"எதுக்கு இதெல்லாம், கூகுள்ல தேடுனா ஆன்லைன்லயே மாத்தித் தருதே?" என்று என் அக்கா மகன் கேட்பான். தரும்தான். படத்தை யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அவர் மாற்றித் தந்ததை நாம் இறக்கிக்கொள்கிறோம். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் இதைப் பற்றி எச்சரித்தது: சில இலவச மாற்றித் தளங்கள், கேட்ட கோப்போடு தீநிரலையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகின்றன, ஏற்றிய ஆவணங்களிலிருந்து விவரங்களையும் உருவிக்கொள்கின்றன. எல்லாத் தளமும் அப்படி இல்லை. எது அப்படி என்று முகத்தில் எழுதியும் வைக்கவில்லை. ஆதார் அட்டையை மாற்ற நான் அங்கே போக மாட்டேன்.

சொந்த மெஷினில் வேலை நடந்தால் படம் வீட்டைத் தாண்டாது. ஆனால் அன்று அந்த சென்டரில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. படத்தை மாற்றும் வேலை இணையம் இல்லாமல், கண் முன்னால்தான் நடந்தது. மெஷின் மட்டும் அவளுடையது இல்லை. கடைக்காரர் ஜன்னலைச் சுருக்கியபோது டெஸ்க்டாப் தெரிந்தது: யார் யாருடையதோ ஆதார், டிசி, சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். வால்பேப்பராக வைத்திருந்த முருகன் பாதிக்கு மேல் மறைந்துபோயிருந்தார்.

அந்தப் பெண் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஸ்கேன் செய்து, வெட்டி, 14 கேபி ஆக்கினார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. எண்பது ரூபாய். பர்ஸை மூடியவள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, என்னோடத மட்டும் அழிச்சிருங்களேன்."

இப்படி யாரும் கேட்டதில்லை போல. அவர் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு நாலு கோப்பையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு டெலீட்டை அழுத்தினார்.

"சார், உங்களுக்கு?"

"ஜெராக்ஸ். ரெண்டு பக்கம்."